பீங்கான் முட்டையும் இரும்பு மூடியும்

ஒரு மாதம் வெளியூரில் இருந்துவிட்டு வந்து வீட்டுக் கதவைத் திறந்தேன். நாற்றம் என்றால் அப்படி ஒரு நாற்றம். எலி செத்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். பரண், பீரோவுக்குப் பின்புறம், அடுப்படி என்று டார்ச் அடித்துத் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. சரி, சுவருக்குள் குழாய் உடைந்திருக்கிறது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். எந்தச் சுவரை இடிக்க வேண்டியிருக்கும், எவ்வளவு ஆகும் என்ற கணக்கிலேயே அன்றைய இரவு போனது.

காலையில் பிளம்பர் வந்தார். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. மூக்கை ஒரு முறை உறிஞ்சினார்.

"எத்தனை நாளாக்கா வீடு பூட்டியிருந்துச்சு?"

"ஒரு மாசம்."

"அதான்."

நேராகப் பின்பக்கக் குளியலறைக்குப் போனார். தரையில் தண்ணீர் இறங்கும் சல்லடை மேல் ஒரு மக் தண்ணீர் ஊற்றினார். பிறகு இன்னொரு மக். "ஜன்னலைத் திறந்து வைங்க. மத்தியானத்துக்குள்ள போயிடும்." அவ்வளவுதான் வேலை. காசு வாங்க அவருக்கே கூச்சமாக இருந்தது.

நான் விடவில்லை. என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். சல்லடைக்குக் கீழே குழாய் நேராகச் சாக்கடைக்குப் போவதில்லையாம். ஒரு வளைவு உண்டு. அந்த வளைவில் எப்போதும் நாலு விரற்கடை தண்ணீர் தேங்கி நிற்கும். வீட்டுக்கும் சாக்கடைக்கும் நடுவே இருக்கிற கதவே அந்தத் தண்ணீர்தான். மேலிருந்து வரும் தண்ணீருக்கு வழிவிடும், கீழிருந்து வரும் காற்றுக்கு விடாது. ஒரு மாதம் யாரும் குளிக்காததால் அந்தத் தண்ணீர் வற்றிப்போய்க் கதவு திறந்துகொண்டது.

நான் செய்வது மெய்ப்புத் திருத்தும் வேலை. ஒரு பக்கத்தில் ஒரு 'ப்' விடுபட்டிருந்தால் கண்ணில் முள்ளாகக் குத்தும். அடுத்தவர் பார்க்காமல் தாண்டிப்போவதைப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆனால் பத்தொன்பது வருடமாக நான் நின்று குளிக்கும் தரைக்கு அடியில் இப்படி ஒரு வளைவு இருப்பது எனக்குத் தெரியாது. அன்று மதியம் வரை எனக்கு என்மேலேயே எரிச்சலாக இருந்தது. நாற்றம் என்னவோ அவர் சொன்னபடி மதியத்துக்குள் போய்விட்டது.

அந்த எரிச்சலில்தான் தேடிப் படிக்க உட்கார்ந்தேன். கழிப்பறைக்கு இந்த வளைவை வைத்து 1775-ல் காப்புரிமை வாங்கியவர் அலெக்சாண்டர் கம்மிங். தொழிலால் கடிகாரம் செய்பவர். பல்சக்கரத்தோடும் சுருள்வில்லோடும் மல்லுக்கட்டிய ஒருவர், நகரும் பாகம் ஒன்றுகூட இல்லாத ஒரு கதவைச் செய்து வைத்திருக்கிறார் என்பது எனக்குப் பிடித்துப்போனது. இதில் தேய ஒன்றுமில்லை, துருப்பிடிக்க ஒன்றுமில்லை. குழாயை வளைத்துவிட்டால் போதும்.

அந்தத் தண்ணீர்க் கதவையும் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. மாடியிலிருந்து ஒரே நேரத்தில் ஏராளமான தண்ணீர் இறங்கினால் அது தனக்குப் பின்னால் இருக்கும் காற்றை உறிஞ்சிக்கொண்டு போகும். அந்த உறிஞ்சலில் வளைவில் நிற்கிற தண்ணீரும் கூடவே போய்விடும். அதைத் தடுக்கத்தான் சாக்கடைக் குழாயை மொட்டைமாடி தாண்டி மேலே நீட்டி, உச்சியைத் திறந்து விட்டிருக்கிறார்கள். குழாய் காற்றை அங்கிருந்து இழுத்துக்கொள்ளும், வளைவைத் தொந்தரவு செய்யாது. ஃப்ளஷ் செய்யும்போது பக்கத்தில் இருக்கும் கைகழுவும் தொட்டியில் 'களக் களக்' என்று சத்தம் கேட்டால், மேலே அந்த வாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள். என் மொட்டைமாடியில் அந்தக் குழாயில்தான் நான் துணி காயப்போடும் கொடியின் ஒரு முனையைக் கட்டியிருந்தேன்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. தெருவில் விசித்திரமாக எதைப் பார்த்தாலும், 'இது எதற்குப் பயந்து வைத்தது?' என்று கேட்டுக்கொள்வேன். 'இது என்ன?' என்று கேட்டால் ஒரு பெயர் கிடைக்கும், அதோடு முடிந்துவிடும். பயத்தைக் கேட்டால் கதையே கிடைக்கிறது.

இந்த மாதிரி விஷயங்கள் கெட்டுப்போனால்தான் கண்ணுக்குத் தெரியும் என்று சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கரண்ட் போனால் நான் பார்ப்பது என் வியர்வையை, என் கணினியை, முடியாத என் வேலையை. மின்கம்பத்தை எங்கே பார்க்கிறேன்? ஒன்றும் கெடாத, அவசரம் இல்லாத நாளில்தான் கம்பம் தெரிகிறது.

முதலில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு பீங்கான் முட்டை. தெரு திரும்புகிற இடத்தில் இருக்கும் மின்கம்பத்தின் உச்சியிலிருந்து ஒரு கம்பி சாய்வாக இறங்கித் தரைக்குள் போகும். லைன்மேன்கள் அதை ஸ்டே கம்பி என்பார்கள். நேராக ஓடும் லைனில் இரண்டு பக்கமும் கம்பி இழுப்பதால் கம்பம் சமமாக நிற்கும். திரும்புகிற இடத்திலும் முடிகிற இடத்திலும் இழுப்பு ஒரு பக்கமாகவே இருக்கும். எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடிக்க ஆள் வேண்டும், அதுதான் இந்தக் கம்பி. இது வரை யாரும் ஊகிக்கலாம். ஆனால் அந்தக் கம்பியின் நடுவே, கைக்கு எட்டாத உயரத்தில், பழுப்பு நிறத்தில் முட்டை மாதிரி ஒன்று இருந்தது. அழகுக்கு வைத்ததாக இருக்க முடியாது. இது எதற்குப் பயந்து?

மேலே மின்கம்பி அறுந்து ஸ்டே கம்பி மேல் விழலாம். விழுந்தால், தரைக்கு வருகிற அந்தக் கம்பி முழுக்க மின்சாரம் ஏறிவிடும். கீழே ஒரு குழந்தை அதைப் பிடித்துக்கொண்டு சுற்றி விளையாடலாம், ஒரு மாடு முதுகைத் தேய்க்கலாம். பீங்கான் நடுவில் இருப்பதால் மின்சாரம் அதற்கு மேலேயே நின்றுவிடும்.

இதோடு முடிந்திருந்தால் நானும் தலையாட்டிவிட்டுப் போயிருப்பேன். பீங்கானை இழுத்தால் உடையும், அமுக்கினால் எவ்வளவோ தாங்கும். இழுவிசையில் இருக்கும் ஒரு கம்பியின் நடுவே இழுத்தால் உடைகிற பொருளை எப்படி வைப்பது? இரண்டு கைகளின் ஆள்காட்டி விரல்களையும் கொக்கி மாதிரி ஒன்றோடொன்று மாட்டி இழுத்துப் பாருங்கள். இப்போது அந்த இரண்டு கொக்கிகளுக்கும் நடுவே ஒரு முட்டை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எவ்வளவு இழுத்தாலும் முட்டை அமுங்கத்தான் செய்யும். அதேதான் அங்கேயும். மேல் கம்பி ஒரு துளை வழியாக ஒரு பக்கமாகச் சுற்றி வருகிறது, கீழ்க் கம்பி அதற்குக் குறுக்கே இன்னொரு துளை வழியாக. ஒன்றையொன்று தொடாமல், ஆனால் ஒன்றுக்குள் ஒன்றாக. கல்லடி பட்டுப் பீங்கான் தூள்தூளானாலும் இரண்டு கொக்கிகளும் ஒன்றில் ஒன்று மாட்டிக்கொள்ளும். கம்பம் சாயாது.

பயத்துக்குள் ஒரு பயம், அதற்குள் இன்னொரு பயம். மூன்றையும் யோசித்து ஒரு கைப்பிடி அளவு பீங்கானில் அடக்கியிருக்கிறார்கள். அந்தக் கம்பத்தடியில் நான் நின்ற நேரத்துக்கு, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து இரண்டு பேர் தாங்களும் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். குருவிக்கூடு ஏதாவது என்று நினைத்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு மின்கம்பியைப் படிக்கப் பழகிக்கொண்டேன். படிக்க என்றே சொல்லலாம், ஏனென்றால் அதில் எண் எழுதியிருக்கிறது. உயரமான இரும்புக் கோபுரங்களில் கம்பி தட்டுத் தட்டாக அடுக்கிய பீங்கானிலோ கண்ணாடியிலோ தொங்குகிறது இல்லையா, அந்தத் தட்டுகளை எண்ணிப் பார்த்தால் அது எத்தனை வோல்ட் லைன் என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். 132 கிலோவோல்ட் என்றால் ஒன்பது, பத்துத் தட்டுகள். 400 கிலோவோல்ட் என்றால் இருபதுக்கு மேல். தட்டுகளுக்கு மடிப்பும் விளிம்பும் இருப்பது மழைக்குப் பயந்து. நனைந்த பரப்பு ஒரே கோடாகத் தொடர்ந்து வந்தால் அதன் வழியே மின்சாரம் கோபுரத்துக்கு நழுவிவிடும். குடைக்கு அடியில் குடை வைத்த மாதிரி இருப்பதால் ஒவ்வொன்றின் அடிப்பக்கத்திலும் கொஞ்சம் காய்ந்த இடம் மிச்சம் இருக்கும்.

கோபுரத்தை ஒட்டிக் கம்பியில் தொங்கும் குட்டிக் கர்லாக்கட்டைகளை நான் ஏதோ பழுதுபார்த்தவர்கள் மறந்துவிட்டுப் போனது என்று நினைத்திருந்தேன். அவை காற்றுக்குப் பயந்து வைத்தவை. சீரான மெல்லிய காற்று கம்பியை வீணைத் தந்தி போல அதிரவைக்கும். அந்த அதிர்வு மாதக்கணக்கில் தொடர்ந்தால் கம்பி பிடித்திருக்கும் இடத்தில் நைந்து அறுந்துபோகும். புயலைவிட இதமான காற்றுதான் இந்த விஷயத்தில் ஆபத்து. 1920-களில் ஸ்டாக்பிரிட்ஜ் என்ற அமெரிக்கப் பொறியாளர் கண்டுபிடித்தது, கம்பிக்குப் பதிலாகத் தான் ஆடி அந்த அதிர்வைத் தின்றுவிடும் இந்தச் சின்ன எடை. கோபுர உச்சியில் எந்தப் பீங்கானும் இல்லாமல் ஓடும் மெல்லிய கம்பி மின்னலுக்குப் பயந்தது. அதில் மின்சாரம் கிடையாது, இடியைத் தன்மேல் வாங்கித் தரைக்கு அனுப்ப மட்டும்தான் அது இருக்கிறது.

டிரான்ஸ்பார்மர் ரீங்காரத்தைப் பற்றி ஒரு வரி. உள்ளே இருக்கும் இரும்பு, காந்தம் ஏறி இறங்கும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நீண்டு சுருங்குகிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் என்றால் நொடிக்கு 100 முறை, 60 என்றால் 120 முறை. நாட்டுக்கு நாடு மின்சாரத்தின் அலைவெண் மாறினால் டிரான்ஸ்பார்மரின் சுதியும் மாறும்.

சுவரில் இருக்கும் துளைகள் வேறு கதை. மேட்டு நிலத்தைத் தாங்கி நிற்கும் கருங்கல் சுவர்களில் வரிசையாகக் குழாய் முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். எலி வளை என்றுகூட ஒருமுறை சொல்லியிருக்கிறேன், வெட்கக்கேடு. சுவருக்குப் பின்னால் மழைத் தண்ணீர் தேங்கினால் சுவரைத் தள்ளிவிடும், அதனால் வடியவிடும் வழி. அவ்வளவுதான். அதில் கந்தையைத் திணித்து அடைத்து வைத்திருப்பவர்களைப் பார்த்தால் இப்போதெல்லாம் எனக்குப் பதறுகிறது.

நடைமேடைகளில் மஞ்சள் நிறத்தில் புடைப்போடு பதித்த கற்களிலும் அப்படித்தான் ஏமாந்திருந்தேன். வழுக்காமல் இருக்க என்பது என் எண்ணம். பார்வையில்லாதவர்கள் காலாலும் கோலாலும் படிக்கும் எழுத்து அது. நீளக் கோடுகள் இருந்தால் 'இந்தத் திசையில் போகலாம்'. புள்ளிகள் இருந்தால் 'நில், கவனி'. மொத்த மொழிக்கும் எழுத்து இரண்டுதான். ஜப்பானில் செய்ஈச்சி மியாகே என்பவர் 1965-ல் உருவாக்கினார். 1967-ல் ஒக்காயாமா நகரத்தில், பார்வையற்றோர் பள்ளி ஒன்றின் அருகே முதன்முதலாகப் பதித்தார்கள். இதைப் படித்த மறுநாளே நான் தினமும் நடக்கும் நடைபாதையில் அந்தக் கோடுகளைப் பின்பற்றி நடந்து பார்த்தேன். கண்ணைத் திறந்துகொண்டுதான். கோடு ஒழுங்காக என்னை அழைத்துக்கொண்டு போய் ஒரு மின்பெட்டியின் மேல் மோதவிட்டது. புள்ளி எதுவும் இல்லை. பதித்தவருக்கு அந்த மொழி தெரியாது, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று பதித்திருக்கிறார். என் தொழிலில் இதற்குப் பெயர் எழுத்துப்பிழை. ஆனால் எழுத்துப்பிழையில் யாருக்கும் முழங்கால் உடைவதில்லை.

வீட்டுச் சாக்கடைக்குத் திரும்புகிறேன், அதை விட்டுவிட மனசில்லை. அந்த வளைவைத் தாண்டித் தண்ணீர் எங்கே போகிறது? பெரும்பாலும் யாரும் தள்ளாமல், சரிவிலேயே போகிறது. சரிவு அதிகமானால் தோண்ட வேண்டிய ஆழம் எங்கோ போய்விடும். குறைந்தால் மண்ணும் கசடும் அடியில் தங்கிவிடும். நொடிக்குச் சுமார் 60 சென்டிமீட்டர் வேகமாவது இருந்தால் குழாய் தன்னைத்தானே கழுவிக்கொள்ளும் என்பது ஒரு கணக்கு. நிதானமாக நடக்கும் வேகம்கூட இல்லை அது. தெருவில் ஒரு மேன்ஹோல் மூடியிலிருந்து அடுத்ததை நோக்கி நடக்கும்போது, காலுக்கடியில் நம்மைவிடக் கொஞ்சம் மெதுவாக ஊரின் குளியல் தண்ணீரும் கூடவே வருகிறது. குழாய் திரும்பும் இடத்திலும் இரண்டு குழாய்கள் சேரும் இடத்திலும் மூடி இருக்கும். ஆகவே மூடிகளை மனசுக்குள் கோடு போட்டு இணைத்தால் கீழே இருக்கும் வரைபடமே வந்துவிடும்.

பழைய காலப் பெரிய சாக்கடைகளைக் குறுக்காக வெட்டிப் பார்த்தால் அவையும் முட்டை வடிவம், கூர்முனை கீழே. தண்ணீர் குறைவாக ஓடும் நேரத்திலும் ஒடுங்கிய அடிப்பகுதியில் வேகமாக ஓடட்டும் என்று. எனக்கு ஏனோ முட்டைகளாகவே வந்து வாய்க்கின்றன.

லண்டனில் 1858 கோடையில் தேம்ஸ் நதி நாறிய நாற்றத்தில் நாடாளுமன்றத்தின் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். ஒரு மாத நாற்றத்துக்கே சுவரை இடிக்கத் துணிந்த எனக்கு அவர்கள் மேல் அனுதாபம் உண்டு. அதன்பின் ஜோசப் பசல்ஜெட் என்ற பொறியாளர் தலைமையில் ஊருக்கு அடியில் பெரிய சாக்கடைகளைக் கட்டினார்கள். எதற்குப் பயந்து? நாற்றத்துக்கு. கெட்ட காற்றுதான் காலராவைக் கொண்டுவருகிறது என்று அன்றைக்கு நம்பினார்கள். 1854-லேயே ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் தெருத்தெருவாக இறப்புகளைக் கணக்கெடுத்து, ஒரு தெருவில் இருந்த தண்ணீர்ப் பம்பைச் சுட்டிக்காட்டி, குடிக்கிற தண்ணீரில்தான் நோய் இருக்கிறது என்று சொல்லியிருந்தார். பலர் ஏற்கவில்லை. நாற்றத்தை விரட்டக் கட்டிய சாக்கடை, போகிற போக்கில் குடிநீரிலிருந்து மலத்தைப் பிரித்துவிட்டது. 1866-ல் அந்த நகரத்தைக் காலரா கடைசியாகப் பெரிய அளவில் தாக்கியபோது, புதிய சாக்கடை இன்னும் முழுமையாக வந்து சேராத கிழக்குப் பகுதியில்தான் சாவுகள் குவிந்தன. பயந்தது ஒன்றுக்கு, காப்பாற்றியது வேறொன்றிலிருந்து. என் கேள்விக்கு எப்போதும் நேர்ப் பதில் வருவதில்லை.

பேருந்தில் போகும்போது மேம்பாலத்தில் 'டடக், டடக்' என்று வரும் சத்தமும் இப்போது தூங்கவிடுவதில்லை. பாலம் வெயிலில் நீளும். நூறு மீட்டர் இரும்பு, 30 டிகிரி சூடேறினால் மூன்றரை சென்டிமீட்டர் நீளும். அதற்காக விட்ட இடைவெளியைத்தான் சக்கரம் தாண்டுகிறது. இது பக்கத்து இருக்கைக்காரருக்குத் தெரிந்தே ஆக வேண்டும் என்று ஒருமுறை எனக்குத் தோன்றிவிட்டது. அவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார்.

எங்கள் தெருவில் ஓர் இரும்பு மூடி மட்டும் பல மாதங்கள் பிடிபடாமல் இருந்தது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. சாக்கடைக்குச் சின்னது, கேபிளுக்கும் சின்னது. ஒரு நாள் இரவு பதினொன்றரை மணி இருக்கும். ஜன்னல் வழியாகப் பார்த்தால், ஒருவர் அந்த மூடியைத் திறந்து, உள்ளே ஒரு நீளமான இரும்புக் கம்பியை விட்டு, மறுமுனையைக் காதில் வைத்துக்கொண்டு குனிந்து நிற்கிறார். செருப்பைக்கூடப் போடாமல் இறங்கி ஓடினேன்.

"அண்ணா, என்ன பண்றீங்க?"

அவர் பதில் சொல்லவில்லை. கையைக் காட்டி அமைதியாக இருக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்துக் காதை எடுத்தார். குடிதண்ணீர்க் குழாயின் வால்வு அது. மண்ணுக்குள் எங்கோ கசிகிறது, அதைத் தேடுகிறார். இரவில் வண்டிச் சத்தம் கிடையாது, யாரும் தண்ணீரும் பிடிப்பதில்லை, அதனால் குழாயில் அழுத்தம் கூடியிருக்கும். கசிகிற தண்ணீர் போடும் சத்தம் இரும்பு வழியாக வந்துவிடும். "பகல்ல இது காதுல விழாதும்மா."

மேல்நிலைத் தொட்டியின் உயரம்தான் குழாயின் அழுத்தம், பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் என்று படித்து வைத்திருந்ததைச் சொல்லிப் பெருமையடிக்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் கம்பியை என் பக்கம் நீட்டினார்.

காதில் வைத்தேன். முதலில் என் ரத்தம் ஓடும் சத்தம்தான் கேட்டது. பிறகு அதற்கும் பின்னால், யாரோ பல்லிடுக்கில் காற்றை விடுவது போல, நிற்காமல் ஒரு 'ஸ்ஸ்ஸ்'.

"கேக்குதா?"

"கேக்குது."

"அடுத்த மூடியில இதைவிட சன்னமாத்தான் இருக்கு. அப்ப இங்கதான் பக்கத்துல." கம்பியைத் தூக்கிக்கொண்டு சாலையில் இரண்டடி, மூன்றடி என்று நகர்ந்து, தார் மேலேயே ஊன்றி ஊன்றிக் கேட்டுக்கொண்டே போனார். நானும் வெறுங்காலோடு பின்னாலேயே போனேன். ஓரிடத்தில் ரொம்ப நேரம் நின்றார்.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது பார்த்தேன். மூடியிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி, சாலையில் நீலப் பெயின்ட்டில் ஒரு பெருக்கல் குறி. பள்ளிப் பிள்ளைகள் அதை மிதிக்காமல் தாண்டித் தாண்டிக் குதித்துப் போய்க்கொண்டிருந்தார்கள்.